கூனிவலசை ஹால்ட்

நாளைக்கு நான்கு வண்டி நிற்கும்.
வண்டிக்கு ஒரு நிமிஷம்.
மிச்ச நேரமெல்லாம் இது
ஒரு மஞ்சள் பலகை, ஒரு தகரக் கொட்டகை,
உடைமர நிழலில் அசைபோடும் ஆறு வெள்ளாடு.

சம்பளம் கிடையாது எனக்கு. கமிஷன்.
ராமநாதபுரத்தில் என் காசைக் கட்டி
டிக்கெட்டுக் கட்டு வாங்கிவந்து விற்கிறேன்.
காக்கி இல்லை, கொடி இல்லை.
தேதி குத்தும் இரும்பு மட்டும் ரயில்வே கொடுத்தது.
உப்புக்காற்றில் அதன் ஏழு தேய்ந்து
ஒன்றாகிவிட்டது.
ஆடியில் ஏறுகிறவர்கள்
தை மாசத்து டிக்கெட்டோடு போகிறார்கள்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.

பலகையின் அடியில் பொடி எழுத்து:
கடல் மட்டத்திலிருந்து மூன்று மீட்டர்.
பாசி எடுக்கப் போகும் அமலோற்பவம்
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னாள்:
"அம்புட்டுத்தானா?
நான் முங்குற ஆழமே அதுக்கு மேல."

சின்ன ரயில் ஓடிய நாளில்
காலை எட்டி வைத்தால் வண்டி.
அகலப் பாதை போட்டார்கள்,
வண்டி உயர்ந்தது,
நடைமேடையை உயர்த்த மறந்தார்கள்.
இப்போது முதலில் பாசி மூட்டை,
பிறகு கூடை,
பிறகு கையைப் பிடித்துத் தூக்க ஆள்.
கடைசிப் பெட்டிக்காரர்களுக்கு அதுவும் இல்லை,
மணலில் குதிக்க வேண்டும்.
எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குள்.

எக்ஸ்பிரஸ் எங்களைப் பார்ப்பதில்லை.
அதில் போகும் யாத்ரீகர்கள்
எங்கள் ஊருணியைக் கடலென்று நினைத்து
கன்னத்தில் போட்டுக்கொண்டு காசு எறிகிறார்கள்.
சந்தியாகு மகனும் சீனி நைனா மகனும்
வண்டி மறைந்ததும் முங்கி எடுத்து
பாதிப் பாதி.

வண்டி வராத ஒரு மத்தியானம்
டிக்கெட்டுக் கட்டின் அட்டையில் கணக்குப் போட்டேன்.
நாளைக்கு நான்கு நிமிஷம்,
வருஷத்துக்கு ஆயிரத்து நானூற்று அறுபது.
மணியாக்கினால் இருபத்துநான்கும் சொச்சமும்.
அதாவது ஒரு நாள்.
அறுபது வருஷத்து ஸ்டேஷனுக்கு
வயது அறுபது நாள்.
புயல் தகரத்தைப் பனையில் மாட்டிய மாதங்கள்,
தண்டவாளம் மாற்றிய காலம்,
பாலம் பழுதென்று வண்டி வராத நாட்கள்,
எல்லாம் கழித்துப் பார்த்தால்
இன்னும் தலை நிற்காத பிள்ளை.

பிறகு வந்தது அந்தச் சனிக்கிழமை.
பாம்பனில் கச்சான் காற்று எகிறி
பாலத்தின் காற்றுமானி வழி மறித்துவிட்டது.
மண்டபத்தில் லைன் காலியில்லை.
ஏழரை வண்டி இங்கேயே நின்றது.
ஒரு நிமிஷம். இரண்டு. பத்து.
முதலில் குழந்தைகள் இறங்கின,
அப்புறம் குழந்தைகளைத் திட்டியபடி பெரியவர்கள்.
ஒருவர் பலகை முன்னால் நின்று படம் எடுத்தார்.
"இது என்ன ஊரு?" என்று
எழுநூறு பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்.
ஆடுகள் எழுந்து இடம் கொடுத்தன.
கதீஜா உம்மா வீட்டிலிருந்து
வெங்கலப் பானை நிறைய டீ வந்தது.
கிளாஸ் பத்தாமல்
ஊரே தன் அடுக்களையைக் கவிழ்த்துக் கொடுத்தது.
நான் ஓடி ஓடிப் பதில் சொன்னேன்.
கேட்டவர் எல்லாரிடமும் ஏற்கெனவே டிக்கெட் இருந்தது.

நாற்பத்தேழு நிமிஷம்.
ஒரே காலையில் பன்னிரண்டு நாள் வளர்ந்தது பிள்ளை.

வண்டி போனதும்
அன்றைய கணக்கில் விற்பனை எட்டு என்று எழுதி
குறிப்புப் பத்தியில்
"காற்று, 47" என்று போட்டேன்.

போன வாரம் தணிக்கைக்கு வந்தவர்
அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு
பக்கத்தில் எழுதினார்: வருமானம்?

யோசித்துப் பார்த்தேன்.
கீழே எழுதினேன்:
இல்லை.
டீ கிளாஸ் மூன்று ராமேஸ்வரம் போய்விட்டன,
டிக்கெட் எடுக்காமல்.